களத்தின் ஓரத்தில் நிற்பவர்
நம் பிள்ளைகளுக்கு ஒரு கல்விவழி

மாலை நேரத்தில் கோட்டைக் கொச்சிப் பரேடு மைதானத்தின் பக்கமாக நடந்து செல்லும் அன்பர்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. பள்ளி விட்டு வந்த சிறுவர்களும், கடைவேலை முடித்து வந்த இளைஞர்களும் கூடிப் பந்தாடுகின்றனர். அவர்களுள் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் பலர். ஓடிவந்த ஒருவன் கால் மடங்கிக் கீழே விழுகின்றான். உடனே நால்வர் அவனைச் சூழ்கின்றனர். ஒருவன் காலைப் பிடித்து இழுக்கின்றான். ஒருவன் தண்ணீரை ஊற்றுகின்றான். ஒருவன் தைலத்தை அழுத்தித் தேய்க்கின்றான். மற்றொருவன், “ஒன்றுமில்லை, எழுந்து நட” என்று ஊக்கம் கூறுகின்றான். அனைவரும் அன்பினால் செய்வதே. ஆயினும், செய்யத்தக்கது இன்னது, தகாதது இன்னது என்பதை அறிந்தவர் அங்கு ஒருவரும் இல்லை.

அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் யார்? அவர் எத்தகைய கல்வி பெற்றிருக்க வேண்டும்? நம் வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர் அத்தகையவராக விரும்பினால், கல்லூரியின் முதலாண்டிலிருந்தே எவ்வாறு தம்மை ஆயத்தம் செய்துகொள்ளல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு இயன்ற அளவில் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

அமெரிக்க நாட்டில் இப்பணியைச் செய்வோரை ‘அத்லெட்டிக் டிரெயினர்’ என வழங்குவர். நம் நாட்டில் ‘டிரெயினர்’ என்றவுடன், உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்புக் குண்டு தூக்கக் கற்பிப்பவரையே நாம் நினைக்கின்றோம். அஃது வேறு, இஃது வேறு. இவர் ஆட்டக்காரருக்குக் காயம் நேராமல் முன்னதாகவே காப்பவர். நேர்ந்தவிடத்துக் களத்திலேயே முதலுதவி செய்பவர். காயத்தின் தன்மையை ஆய்ந்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என முடிவு செய்பவர். அறுவை மருத்துவம் நடந்தபின் மீண்டும் ஓடுமளவுக்கு உடலைப் படிப்படியாகத் தேற்றுபவர். சுருங்கச் சொன்னால், வீட்டில் தாய் செய்யும் காவலை, மருத்துவக் கல்வியோடு களத்தில் செய்பவர் இவரே எனலாம்.

அந்நாட்டில் இத்தொழிலினர் 1950ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு தேசியச் சங்கம் கண்டனர். 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவத்துறை சார்ந்த தொழில்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. முன்னர் இளநிலைப் பட்டமே இத்தொழிலுக்குப் போதுமானதாக இருந்தது. 2015இல் அந்நிலையை மாற்றுவதென முடிவு செய்தனர். இன்று முதுநிலைப் பட்டமே நுழைவாயில். ஆகவே, இளநிலைப் படிப்பு முழுவதும் அவ்வாயிலை அடைவதற்கான ஆயத்தக் காலமாக ஆகிவிட்டது.

விளையாட்டு உயிர்ப்பிரச்சினை ஆகும்போது

“சுளுக்குக்கு எண்ணெய் தடவ முதுநிலைப் பட்டம் எதற்கு?” என்று வினவுவோர் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்கள் சிந்திக்குமாறு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுகின்றோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் பெங்களூரில் பெடரேஷன் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் நடைபெற்றது. கோவாவின் டெம்போ அணிக்காக ஆடிய பிரேசில் நாட்டு இளைஞர் கிறிஸ்தியானோ ஜூனியர், அவ்வாட்டத்தின் இரண்டாவது கோலை அடித்தபோது எதிரணிக் கோல் காவலருடன் மோதி வீழ்ந்தார், மீண்டும் எழவேயில்லை. அவர் அடித்த இரண்டு கோல்களால் அவருடைய அணி வென்றது. அவரோ உயிர் நீத்தார்.

2021ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் டென்மார்க் அணியின் கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் மோதாமலே களத்தில் சரிந்தார். அவருடைய இதயம் நின்றுவிட்டது. உடனே ஓடிவந்தோர் மார்பை அழுத்தி உயிர்மூச்சு அளித்தனர். மின்னதிர்ச்சி தந்து இதயத்தை மீட்கும் கருவி களத்திலேயே இருந்தது. அவர் பிழைத்தார், மறு ஆண்டே மீண்டும் பந்தாடினார்.

இருவருடைய உடல்நிலையும் ஒன்றே எனக் கூறுவதற்கில்லை. ஒருவரைக் காத்த முறை மற்றவரையும் காத்திருக்கும் என்று துணிந்து சொல்லவும் நாம் முன்வரவில்லை. ஆயினும் ஓர் உண்மை ஐயத்திற்கு இடமற்றது. இதயம் நின்றபின் உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைக்கின்றது. மருத்துவமனை எவ்வளவு சிறந்ததாயினும், தோப்பும்படியில் வண்டிகள் நெரிந்து நிற்கும் வேளையில் அது தொலைவில்தான் இருக்கின்றது. களத்தில் நிற்பவரின் கைகளே அப்போது மருத்துவமனை.

வெயிலின் கொடுமையும் அத்தகையதே. கடும் உழைப்பால் உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசுக்கு மேல் ஏறி, ஆட்டக்காரர் நினைவு தடுமாறுவாராயின், அவரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னரே குளிர்ந்த நீர் நிறைந்த தொட்டியில் இருத்திக் குளிர்விக்க வேண்டும் என்பது இத்துறையின் விதி. முதல் 30 நிமிடத்திற்குள் வெப்பத்தைத் தணித்துவிட்டால் உயிர் தப்பும் வாய்ப்பு மிகுதி. கொச்சியின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஆதலின் பங்குனி, சித்திரை மாத ஆட்டங்களில் இவ்வறிவு நமக்கும் வேண்டப்படுவதேயாம்.

நம் நாட்டில் இத்துறை

இந்தியாவில் இது தனிச்சட்டமும் தனிப்பெயரும் கொண்ட தொழிலாக இன்னும் நிலைபெறவில்லை. அதன் பணிகளை இங்கே மூவர் பகிர்ந்து செய்கின்றனர்: விளையாட்டு மருத்துவர், இயன்முறை மருத்துவராகிய பிசியோதெரபிஸ்ட், உடல்வலிமைப் பயிற்சியாளர்.

ஆயினும் இதன் வேர் நம் மண்ணில் இல்லாமற் போகவில்லை. 1920ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1924இல் பாரிசு ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகப் பணியாற்றியவரும் அவரே. இன்றும் சென்னை நந்தனத்தில் அக்கல்லூரி சிறந்து விளங்குகின்றது. 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகம் தோன்றியது. 1985இல் திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி அமைந்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. சென்னைக்கு அருகில் மேலக்கோட்டையூரில் அது இயங்கிவருகின்றது.

தமிழர் இத்துறையில் பெற்ற புகழும் சிறிதன்று. 2011ஆம் ஆண்டு இந்திய அணி கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றபோது, அவ்வணியின் உடல்வலிமைப் பயிற்சியாளராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த ராம்ஜி சீனிவாசன். 2015 முதல் 2019 வரை அப்பணியை ஆற்றிய சங்கர் பாசுவும் சென்னையைச் சேர்ந்தவரே. கோப்பையைத் தூக்கியவரின் படம் எல்லா ஏட்டிலும் வெளிவந்தது. தூக்கும் தோளைத் திடமாக வைத்திருந்தவரை அறிந்தோர் சிலரே. இத்தொழிலின் இயல்பு அது. புகழை விரும்பும் பிள்ளை ஆட்டக்காரனாகட்டும். பயனை விரும்பும் பிள்ளை இதனைத் தேரட்டும்.

மூன்று வழிகள்

நம் பிள்ளைகள் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, பி.பி.டி. என்னும் இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டம் பெற்று, பின்னர் எம்.பி.டி. முதுநிலையில் விளையாட்டுப் பிரிவைப் பயில்வது. இந்தியாவில் ஆட்ட அணிகளோடு பணியாற்ற விரும்புவோர்க்கு உறுதியான வழி இதுவே. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் இதற்கு இன்றியமையாதது. கேரளத்தில் இக்கல்லூரிகள் திருச்சூரிலுள்ள சுகாதாரப் பல்கலைக்கழகத்தின்கீழ் வருகின்றன. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் அரசினர் இயன்முறை மருத்துவக் கல்லூரி உள்ளது. 2021இல் இயற்றப்பட்ட மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின்கீழ்ப் பாடத்திட்டமும் நுழைவு விதிகளும் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. ஆதலின், பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்றாண்டுக்கு முன் சேர்ந்த முறையை நம்பியிராது, சேரவிருக்கும் ஆண்டின் விளக்கக் கையேட்டையே படித்தறிக.

இரண்டாம் வழி, உடற்கல்வியிலோ விளையாட்டு அறிவியலிலோ இளநிலைப் பட்டம் பெறுவது. சென்னை இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி அறிவியலுக்கெனவே ஓர் இளநிலைப் படிப்பு உண்டு. இவ்வழியில் செல்வோர் முதுநிலையில் உடற்பயிற்சி உடலியங்கியல், உடலசைவு இயற்பியல், விளையாட்டு உளவியல் முதலியவற்றைப் பயிலலாம். வலிமைப் பயிற்சியாளராகவும், ஆசிரியராகவும், ஆய்வாளராகவும் ஆகலாம். ஆனால் நோயாளிக்கு இயன்முறை மருத்துவம் செய்யும் உரிமை இதனால் வாராது. இவ்வேறுபாட்டைச் சேரும்முன்னரே தெளிதல் நன்று.

மூன்றாம் வழி, எவ்வறிவியலிலேனும் இளநிலை முடித்து, அமெரிக்கா சென்று அத்லெட்டிக் டிரெயினிங் முதுநிலை பயில்வது. அப்படிப்பு குறைந்தது 2 ஆண்டுகள் நடைபெறும். அங்குள்ள தர ஏற்பு ஆணையம் ஒப்புதல் அளித்த படிப்பை முடித்தவரே சான்றுத் தேர்வு எழுத முடியும். தேர்ந்தபின் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் உரிமமோ பதிவோ பெற வேண்டும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டு மயங்காது, அவ்வாணையத்தின் பட்டியலில் அப்படிப்பு இடம்பெற்றுள்ளதா என்று காண்பதே முதற்கடமை.

இம்மூன்றாம் வழியில் ஓர் இடர் உண்டு. நம் நாட்டு மூன்றாண்டுப் பட்டத்தை, அங்குள்ள நான்காண்டுப் பட்டத்திற்கு நிகராக எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. நற்காலமாக, 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கப்பட்டுள்ளது. மூன்றாண்டில் பட்டம் பெற்று வெளியேறவும், நான்காம் ஆண்டும் பயின்று ஆனர்சு பட்டம் பெறவும் அதில் இடமுண்டு. வெளிநாட்டு முதுநிலையைக் கருதும் பிள்ளை, மூன்றாம் ஆண்டின் முடிவில் “பட்டந்தான் கிடைத்துவிட்டதே” என்று வெளிவருதல் கூடாது.

நான்காண்டு ஆயத்தம்

இனி, ஆயத்தம் செய்யும் முறையைக் கூறுவோம். வழி எதுவாயினும் இதன் பெரும்பகுதி பொதுவானதே.

முதலாவது, அடிப்படைப் பாடங்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூற்றியல், உடலியங்கியல் ஆகிய ஆறும் கல்லூரி நிலையில் பயின்றிருத்தல் வேண்டுமென அமெரிக்க விதி கூறுகின்றது. விலங்கியல் பயிலும் மாணவர்க்கு உளவியல் விடுபட்டுப் போகலாம். உளவியல் பயில்வோர்க்கு இயற்பியல் இராது. நான்காண்டுப் படிப்பில் துணைப்பாடங்களைத் தேர்ந்துகொள்ள இடமிருத்தலின், முதற்பருவத்திலேயே இவ்வாறு பாடங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்து, எது எப்பருவத்தில் நிறைவேறும் எனத் திட்டமிடுக. இறுதியாண்டில் விழித்துக்கொள்வதால் பயனில்லை.

இரண்டாவது, முதலுதவி. இந்திய செஞ்சிலுவைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்சும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. இதயம் நின்றவர்க்கு மார்பை அழுத்தி உதவும் முறையை மருத்துவமனைகளின் பயிற்சி வகுப்புகளில் பழகலாம். முதலாண்டிலேயே இதனை முடிப்பது நன்று; ஏனெனில் இத்தொழிலில் புகாது வேறு தொழிலுக்குச் சென்றாலும், வீட்டிற்கும் தெருவிற்கும் இது பயன்படும்.

மூன்றாவது, உடனிருந்து காணல். அமெரிக்கப் படிப்புகள் பல, விண்ணப்பிப்போர் இத்தொழிலினருடன் இத்தனை மணி நேரம் உடனிருந்து கண்டிருக்க வேண்டுமென விதிக்கின்றன. நம் ஊரில் அப்பெயர் பூண்டோர் கிடைத்தல் அரிது. ஆயினும் மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவில் இசைவு பெற்று வாரம் ஒருநாள் உடனிருக்கலாம். கல்லூரி அணியின் உடற்கல்வி ஆசிரியர்க்குத் துணைநிற்கலாம். பள்ளி விளையாட்டு விழாவில் முதலுதவிக் குழுவில் சேரலாம். விண்ணப்பிக்கும் முன்னர், இத்தகைய அனுபவத்தை ஏற்பரா என்று அப்பல்கலைக்கழகத்தையே எழுதிக் கேட்டுக்கொள்க.

உடனிருக்கும்போது ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளல் வேண்டும். நாள், நேரம், கண்ட காயம், அது நேர்ந்த வகை, பெரியவர் முதலில் வினவியது யாது, தொட்டுப் பார்த்தது எவ்விடம், முடிவு யாது என்று எழுதுக. நோயாளியின் பெயரை மட்டும் எழுதலாகாது. பிறர் மறையைக் காப்பது இத்தொழிலின் முதல் ஒழுக்கம். ஆண்டு முடிவில் அக்குறிப்பேடே சிறந்த பாடநூலாகும். விண்ணப்பத்தோடு அனுப்பும் தன்விளக்கக் கட்டுரைக்கும் அதுவே கருவூலம்.

நான்காவது, ஆசிரியர் உறவு. விண்ணப்பத்திற்குப் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். வகுப்பில் கடைசி வரிசையில் நான்காண்டு மௌனமாக இருந்துவிட்டு, இறுதியில் கடிதம் கேட்டால் எந்த ஆசிரியர் யாது எழுதுவார்? ஐயம் கேட்கும் மாணவரையே ஆசிரியர் அறிவர். நம் பிள்ளைகள் அயல்மொழி வகுப்பில் நாணி ஒதுங்கும் வழக்கத்தை விடுதல் வேண்டும்.

ஐந்தாவது, செய்து பழகும் எளிய அறிவு. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கணுக்கால் மடங்கியவர்க்கு எக்ஸ்ரே வேண்டுமா என்று அறிய, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் ஒரு முறை வகுத்தனர். கணுக்காலின் இருபுறத்தும் புடைத்துள்ள எலும்பின் பின்விளிம்பையோ முனையையோ அழுத்தினால் வலிக்கின்றதா? விழுந்தவுடனும் பின்னரும் நான்கு அடியேனும் ஊன்றி நடக்க இயலவில்லையா? இவற்றுள் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்பது விடையாயின் எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும். பாதத்தின் நடுப்பகுதிக்கும் இதுபோன்ற விதி உண்டு. இரண்டே வினாக்கள், எனினும் முறிந்த எலும்பை இழுத்துத் தேய்க்கும் தீங்கினின்று எத்தனைக் கால்களை இவை காத்துள்ளன! அதுபோலவே, தலையில் அடிபட்டுத் தடுமாறியவரை அன்றைய ஆட்டத்தில் மீண்டும் இறக்கலாகாது என்பதும் உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. “நான் நன்றாக இருக்கிறேன்” என்று அவர் சொன்னாலும் இறக்கலாகாது. ஆட்டத்தைத் தோற்பதற்கும் துணிந்து ‘முடியாது’ என்று சொல்லும் உறுதியே இத்தொழிலின் உயிர்நிலை.

வலிக்குத் தமிழ்

மட்டாஞ்சேரிப் பிள்ளைக்கு இயல்பாகவே வாய்த்த செல்வம் ஒன்று உண்டு; அஃது மொழி. வீட்டில் தமிழும், தெருவில் மலையாளமும், கல்லூரியில் ஆங்கிலமும், கடைத்தெருவில் இந்தியும் பேசி வளர்கின்றது அது. குசராத்தியரும் கொங்கணியரும் கச்சி மேமன்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. வலியில் துடிப்பவர் தம் தாய்மொழியிலேயே பேசுவர்; அம்மொழியைச் செவிமடுக்க வல்லவரே நோயை விரைந்து அறிவர்.

நம் தமிழில் வலிக்கு எத்தனைச் சொற்கள்! சுளுக்கு, பிடிப்பு, கடுப்பு, குடைச்சல், குத்தல், எரிச்சல், மரத்துப்போதல், விண்விண்ணென்று தெறித்தல் என அவை பலவாம். இவை யாவும் ஒன்றல்ல. எரிச்சலும் மரத்துப்போதலும் நரம்பு அழுந்தியிருக்கலாம் என்பதற்கு அறிகுறி. உழைப்புக்குப் பின் வரும் கடுப்பு தசையின் களைப்பைக் காட்டக்கூடும். ‘விண்விண்ணென்று’ என்பது வீக்கத்தையோ சீழையோ நினைவூட்டும். “வலிக்கிறதா?” என்று ஒற்றை வினா கேட்பவரைவிட, “எரிகிறதா, குடைகிறதா?” என்று கேட்கத் தெரிந்தவர் ஒருபடி முன்னே நிற்கின்றார். பாட்டியிடம் இச்சொற்களைக் கேட்டு எழுதி வைப்பதும் இக்கல்விக்கு ஓர் ஆயத்தமே.

இவ்வறிவு ஆட்டக்காரர்க்கு மட்டும் உரியதன்று. பசார் சாலைக் கிடங்குகளில் மூட்டை சுமந்த தோள்களையும், கோட்டைக் கொச்சி வெளியில் உள்ள வண்ணார் துறையில் தலைமுறை தலைமுறையாகத் துணி துவைத்த முதுகுகளையும் நாம் அறிவோம். அவர்களும் உடலை முதலாகக் கொண்டு உழைத்தவர்களே. அமெரிக்க நாட்டில் இத்தொழிலினர் தொழிற்சாலைகளிலும் படைப்பிரிவுகளிலும் நடனக் குழுக்களிலுங்கூடப் பணிபுரிகின்றனர். நாளை நம் பிள்ளை ஒருவர் இக்கல்வி பெற்று வந்தால், சுமைதூக்குவோர்க்கு முதுகு வளையாது சுமக்கும் முறையை நம் மொழியில் கற்பிக்க முடியும் அன்றோ?

களரி ஆசான்களின் உழிச்சிலும், தென்தமிழ்நாட்டு வர்ம ஆசான்களின் முறையும் தொன்றுதொட்டு வரும் அறிவுச் செல்வங்கள். அவற்றை இகழ்வது நம் கருத்தன்று. தசைப்பிடிப்பில் இதந்தரும் கை, முறிந்த எலும்பையும் கிழிந்த தசைநாணையும் கண்ணால் காண முடியாது என்பதே நாம் கூறுவது. முதலில் காயத்தை அறிக. பின்னர்த் தைலத்தை நாடுக.

குடிபெயர்ந்தோர்க்குரிய எச்சரிக்கை

வேறு மாநிலத்தில் வாழும் நமக்குச் சில தனி இடர்கள் உள. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அரசு இடம் கேட்குமிடத்து, அம்மாநிலத்தவர் என்பதற்கான சான்றும், எங்குப் பயின்றார் என்பதும் கருதப்படும். கேரளத்தில் பயின்ற பிள்ளைக்கு அங்கு இடம் எளிதன்று. சாதிச் சான்றிலும் கவனம் வேண்டும். பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கு உரிய சலுகை, ஒரு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவரை மற்றொரு மாநிலத்திற்குத் தாமாகவே தொடர்ந்து செல்லாது என்று 1990இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, எம்மாநிலத்தில் நம் பிள்ளைக்கு எந்த உரிமை உண்டு என்பதைப் பத்தாம் வகுப்பு முடிந்தவுடனே கேட்டறிந்து, வேண்டிய சான்றுகளை ஆயத்தமாக வைத்தல் வேண்டும். சேர்க்கையின் கடைசி நாளில் தாலுகா அலுவலக வாயிலில் நிற்பது நம்மவரின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தால் இடம் இழந்த பிள்ளைகளும் உண்டு.

மற்றொன்று, போலிச் சான்றுகள். சில வார வகுப்பில் ‘விளையாட்டு மருத்துவ வல்லுநர்’ ஆக்குவோம் என்று விளம்பரம் செய்வோர் பெருகியுள்ளனர். குறுகிய வகுப்புகள் துணையறிவு தரலாம், உரிமம் தாரா. பணம் கட்டுமுன், அப்படிப்பை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகம் யாது, ஆணையம் யாது என்று கேளுங்கள். மழுப்பலான விடை வருமாயின் திரும்பிவிடுங்கள்.

ஊதியத்தைப் பற்றியும் மறைக்காது கூறுதல் நம் கடமை. தொடக்கத்தில் வருவாய் குறைவு. மாலைகளும் ஞாயிறுகளும் களத்திலேயே கழியும். ஏனெனில் ஊர் ஓய்ந்திருக்கும் நாளில்தான் ஆட்டம் நடைபெறுகின்றது. வெளிநாட்டுப் படிப்புக்குப் பெருங்கடன் வேண்டியிருக்கலாம். அங்குப் பெற்ற உரிமம் இங்கு அப்படியே செல்லாது. இங்குப் பெற்றது அங்குச் செல்லாது. எங்கு வாழப்போகின்றோம் என்று ஓரளவேனும் தெளிந்தபின் வழியைத் தேர்வதே அறிவுடைமை. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு, பின்னர் அவன் தலைமேல் அக்கடனைச் சுமத்தி வருந்துவதிலும், உள்நாட்டில் முதல் வழியில் நிதானமாக முன்னேறுவது பல குடும்பங்களுக்கு ஏற்றது என்பது நம் கருத்து.

பெண்மக்களுக்கும் உரியது

“பெண் பிள்ளை மைதானத்தில் நிற்பதா?” என்று தயங்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நூற்றில் ஒரு விநாடியால் பதக்கத்தை இழந்த பி. டி. உஷாவைப் பெற்றது இக்கேரள மண் அன்றோ? அவர் வழியில் ஓடும் பெண்கள் இன்று ஆயிரக்கணக்கில் உளர். அவர்களுக்குத் தொடையிலோ இடுப்பிலோ காயம் நேருமாயின், தொட்டு ஆய்வதற்கு ஒரு பெண் அருகிருத்தல் எத்துணை ஆறுதல்! அமெரிக்க நாட்டில் இத்தொழிலினருள் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களே. நம் பெண்மக்கள் இதில் புகுவது துணிச்சல் மட்டுமன்று, தேவையும் ஆகும்.

நிறைவாக

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பந்தாட்டத்தில் வல்லவனாக இல்லாமல் இருக்கலாம். ஆயினும் தோழன் விழுந்தபோது முதலில் ஓடிச்செல்பவன் அவனாக இருந்தால், அடிபட்டவனின் வீடு வரை கைத்தாங்கலாக அழைத்துச் செல்பவள் உங்கள் மகளாக இருந்தால், அவர்களிடம் இத்தொழிலுக்குரிய முதல் தகுதி முன்னரே அமைந்துள்ளது. ஏனைய தகுதிகளைக் கல்லூரி அளிக்கும். காலத்தே திட்டமிட்டால் முதுநிலையும் கைகூடும்.

இளைஞர்களே! இன்று மாலையே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். இவ்வாண்டிற்குள் முதலுதவிப் பயிற்சி பெறுங்கள். ஆறு பாடங்களையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மேற்படிப்புக்குச் செல்வோர் செல்லுங்கள். செல்லாதோரும் இவ்வளவேனும் கற்றிருங்கள். அடுத்த முறை பரேடு மைதானத்தில் ஒரு சிறுவன் விழும்போது, “காலை இழுக்காதே, சற்று விலகு, நான் பார்க்கிறேன்” என்று அமைதியாகச் சொல்லும் குரல் ஒரு தமிழ்ப் பிள்ளையின் குரலாக இருக்கட்டும்.